வெளி வன்தட்டை வடிவமைத்தலும் பிரித்தலும்

வெளி வன்தட்டை வடிவமைத்தல் என்பது, யூஎஸ்பி போன்ற இணைப்பின் வழியாகக் கணினிக்கு வெளியே இருந்து இயங்கும் வன்தட்டு ஒன்றில், கோப்புகளை எழுதவும் தேடி எடுக்கவும் தேவையான கோப்பு முறைமையை உருவாக்குவதாகும். ஒரே வன்தட்டைத் தனித்தனிப் பகுதிகளாக வகுப்பது பிரித்தல் எனவும், அவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு பகுதியும் பிரிவு எனவும் வழங்கப்படும். பேச்சு வழக்கில் இவை முறையே ஃபார்மட் செய்தல், பார்ட்டிஷன் போடுதல் எனப்படுகின்றன.

கணினியின் உள்ளே பொருத்தப்பட்ட வன்தட்டைப் பெரும்பாலும் ஒரே இயங்குதளமே பயன்படுத்துகிறது. வெளி வன்தட்டோ இன்று ஒரு கணினியிலும் நாளை வேறொரு கணினியிலும் இணைக்கப்படுவது. விண்டோஸ், மாக் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனித்தனிக் கோப்பு முறைமைகளைக் கொண்டுள்ளன. ஒரு கணினியில் எழுதப்பட்ட வன்தட்டை மற்றொரு கணினி படிக்க இயலாமல் போகும்போது, அதற்கு வன்தட்டின் பழுது காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அக்கணினி அறியாத கோப்பு முறைமையில் வன்தட்டு அமைந்திருப்பதும் காரணமாகலாம். இந்த வேறுபாட்டை அறியாமல், திரையில் தோன்றும் "வடிவமைக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு ஆம் என விடையளித்துவிட்டால், நன்னிலையில் இருந்த கோப்புகள் அணுக முடியாதவை ஆகிவிடும்.

## அடிப்படை அமைப்பு

வன்தட்டானது செக்டர் எனப்படும் சிறு அலகுகளின் நீண்ட வரிசையாகவே கணினிக்குத் தோன்றும். ஒரு செக்டர் மரபாக 512 பைட்டு அளவுடையது. 2010 ஆம் ஆண்டளவில் இருந்து தட்டின் மீது 4096 பைட்டு செக்டர்களைக் கொண்ட வன்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. எந்தச் செக்டரில் எந்தக் கோப்பு உள்ளது என்பதை வன்தட்டின் இயந்திரப் பகுதி அறியாது. அந்த அறிவு மூன்று அடுக்குகளாகத் தட்டின் மீதே எழுதப்படுகிறது.

* பிரிவு அட்டவணை: எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கூறுவது. இது வன்தட்டின் தொடக்கத்தில் இருக்கும்.
* கோப்பு முறைமை: ஒவ்வொரு பிரிவினுள்ளும் கோப்புகளின் பெயர், அளவு, நாள், இருப்பிடம் ஆகியவற்றைக் குறித்து வைப்பது.
* கோப்புகளின் உள்ளடக்கம்: பயனர் சேமித்த தரவு.

இதனை ஒரு நூலகத்துடன் ஒப்பிடலாம். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் பிரிவுகள். ஒவ்வோர் அறையிலும் உள்ள நூற்பட்டியல் கோப்பு முறைமை. அடுக்குகளில் உள்ள நூல்கள் கோப்புகள். நூற்பட்டியல் ஒருவருக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், நூல்கள் அனைத்தும் இடத்தில் இருந்தும் அவரால் எதையும் தேடி எடுக்க முடியாது. வடிவமைத்தல் என்பது பழைய நூற்பட்டியலை நீக்கிவிட்டு வெறுமையான புதிய நூற்பட்டியலை வைப்பதைப் போன்றது.

## பிரிவு அட்டவணை வகைகள்

### எம்பிஆர்

எம்பிஆர் எனப்படும் முதன்மைத் தொடக்கப் பதிவு முறை 1983 ஆம் ஆண்டில் பிசி டாஸ் 2.0 உடன் அறிமுகமானது. அதே ஆண்டில் வெளியான ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியின் வன்தட்டு 10 மெகாபைட் கொள்ளளவு உடையது. இம்முறையில் வன்தட்டின் முதற் செக்டரான 512 பைட்டுகளில் 64 பைட்டுகள் மட்டுமே பிரிவு அட்டவணைக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு 16 பைட்டு வீதம் நான்கு முதன்மைப் பிரிவுகளையே அமைக்க முடியும். மேலும் பிரிவுகள் வேண்டுமெனில், நான்கில் ஒன்றை நீட்டிப்புப் பிரிவாக அமைத்து அதனுள் தருக்கப் பிரிவுகளை உருவாக்க வேண்டும்.

எம்பிஆர் முறையில் செக்டர் எண்கள் 32 பிட்டுகளில் எழுதப்படுகின்றன. ஆகவே ஏறத்தாழ 429 கோடியே 49 லட்சம் செக்டர்களையே குறிக்க இயலும். ஒரு செக்டர் 512 பைட்டு எனில் இது சுமார் 2.2 டெராபைட் ஆகும். 3 டெராபைட் வன்தட்டு ஒன்றை இம்முறையில் அமைத்தால் எஞ்சிய இடம் பயன்படாமல் போகும். இவ்வரம்பைக் கடப்பதற்காகச் சில வெளி வன்தட்டுகளின் பெட்டியில் உள்ள மின்சுற்று, செக்டர்கள் 4096 பைட்டு அளவுடையவை எனக் கணினிக்குக் காட்டும். இத்தகைய வன்தட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாகக் கணினியில் பொருத்தினால், செக்டர் கணக்கு மாறிவிடுவதால் பிரிவுகள் தென்படாமல் போகலாம்.

### ஜிபிடி

ஜிபிடி முறை, இன்டெல் நிறுவனம் 1990களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய ஈஎஃப்ஐ என்னும் தொடக்க இடைமுகத்தின் ஒரு பகுதியாகத் தோன்றியது. இதில் செக்டர் எண்கள் 64 பிட்டுகளில் எழுதப்படுவதால் கொள்ளளவு வரம்பு நடைமுறையில் இல்லை எனலாம். வழக்கமான அமைப்பில் 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு.

பாதுகாப்பிலும் இம்முறை மேம்பட்டதாகும். அட்டவணையின் மற்றொரு படி வன்தட்டின் இறுதியில் எழுதப்படுகிறது. அட்டவணை சிதைந்துள்ளதா என்பதை அறியச் சரிபார்ப்பு எண்ணும் உடன் வைக்கப்படுகிறது. ஜிபிடியை அறியாத பழைய மென்பொருள் வன்தட்டை வெறுமையானது எனக் கருதி அழித்துவிடாதிருக்க, முதற் செக்டரில் காப்பு எம்பிஆர் ஒன்றும் எழுதப்படுகிறது.

விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளும், இன்டெல் மாக் கணினிகளும், லினக்சும் ஜிபிடி வன்தட்டைப் படிக்கும். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி படிக்காது. பழைய தொலைக்காட்சிகளும் ஒளிபரப்புப் பெட்டிகளும் எம்பிஆர் முறையை மட்டும் அறிந்தவையாக இருக்கலாம்.

### ஆப்பிள் பிரிவு அட்டவணை

பவர்பிசி செயலி கொண்ட மாக் கணினிகள் ஆப்பிள் நிறுவனத்தின் தனி அட்டவணை முறையைப் பயன்படுத்தின. 2006 ஆம் ஆண்டில் இன்டெல் செயலிக்கு மாறியபோது ஆப்பிள் ஜிபிடியைத் தெரிந்துகொண்டது. பழைய அட்டவணை கொண்ட வன்தட்டை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை.

## கோப்பு முறைமைகள்

### ஃபாட்32

ஃபாட் குடும்பத்தின் முதல் வடிவம் 1977 ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மார்க் மெக்டொனால்டு என்பவரால் நெகிழ்வட்டுகளுக்காக எழுதப்பட்டது. ஃபாட்32 வடிவம் 1996 இல் விண்டோஸ் 95 இன் திருத்திய பதிப்புடன் வெளியானது. ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் தொலைக்காட்சிகளும் மகிழுந்து ஒலிக்கருவிகளும் இதனைப் படிக்கும் என்பதே இதன் தலையாய சிறப்பு. பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி வெளி வன்தட்டுகளில் இந்த ஒரு முறைமையையே ஏற்றது.

இதன் பெருங்குறை, ஒரு கோப்பு 4 கிகாபைட்டைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதாகும். 4.7 கிகாபைட் டிவிடி ஒன்றின் முழு நகலை ஒரே கோப்பாக இதில் வைக்க முடியாது. வன்தட்டில் நூற்றுக்கணக்கான கிகாபைட் வெற்றிடம் இருந்தாலும் நகலெடுத்தல் நின்றுவிடும்.

விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாப்டின் வடிவமைப்புக் கருவி 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஃபாட்32 பிரிவுகளை உருவாக்க மறுத்து வந்தது. இது கருவியின் வரம்பேயன்றிக் கோப்பு முறைமையின் வரம்பன்று. பிற கருவிகளால் அமைக்கப்பட்ட பெரிய ஃபாட்32 பிரிவுகளை விண்டோஸ் தடையின்றிப் படிக்கும். 2024 ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 இன் சோதனைப் பதிப்பில் கட்டளை வரிக் கருவிக்கான இவ்வரம்பு 2 டெராபைட்டாக உயர்த்தப்பட்டது.

### எக்ஸ்ஃபாட்

ஃபாட்32 இன் கோப்பளவு வரம்பை நீக்க மைக்ரோசாப்ட் 2006 இல் எக்ஸ்ஃபாட் முறைமையை வெளியிட்டது. விண்டோஸ் விஸ்டாவின் முதல் சேவைத் தொகுப்பும் (2008), மாக் ஓஎஸ் எக்ஸ் 10.6.5 பதிப்பும் (2010) இதனை ஏற்றன. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் இதன் வரையறையைப் பொதுவில் வெளியிட்ட பின்னர், அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.4 இல் இதற்கான ஆதரவு சேர்ந்தது.

மூன்று இயங்குதளங்களிலும் கூடுதல் மென்பொருளின்றிப் படிக்கவும் எழுதவும் இயல்வதால், பொதுப் பயன்பாட்டு வன்தட்டுக்கு எக்ஸ்ஃபாட் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. எனினும் இதில் ஜர்னல் எனப்படும் மாற்றக் குறிப்பேடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பி பிடுங்கப்பட்டால், எந்தப் பணி பாதியில் நின்றது என்பதை அறிய வழி இராது. நூற்பட்டியலே சிதைந்து பல கோப்புகள் ஒருங்கே மறையவும் கூடும்.

### என்டிஎஃப்எஸ்

1993 இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் அறிமுகமானது. மாற்றக் குறிப்பேடு, பயனர் அனுமதிகள், சுருக்கிச் சேமித்தல் ஆகிய வசதிகளை உடையது. விண்டோஸ் கணினிகளில் மட்டும் பயன்படும் வன்தட்டுக்கு இதுவே ஏற்றது.

மாக் ஓஎஸ் தன்னளவில் என்டிஎஃப்எஸ் பிரிவைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. ஆகவே மாக் கணினியில் இவ்வன்தட்டை இணைப்பவர் கோப்புகளைத் திறந்து பார்க்க முடிந்தும் புதியதொன்றைச் சேர்க்க முடியாமல் வியப்பது வழக்கம். லினக்சில் என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் மென்பொருளின் நிலையான முதற்பதிப்பு 2007 இல் வெளியாகி எழுதும் வசதியைப் பரவலாக்கியது. 2021 இல் வெளிவந்த கெர்னல் 5.15 இல் பாரகான் நிறுவனம் அளித்த இயக்கி சேர்க்கப்பட்டது.

### எச்எஃப்எஸ் பிளஸ், ஏபிஎஃப்எஸ்

எச்எஃப்எஸ் பிளஸ் 1998 இல் மாக் ஓஎஸ் 8.1 உடன் வெளியானது. 2002 இல் இதற்கு மாற்றக் குறிப்பேடு சேர்க்கப்பட்டது. 2017 இல் மாக் ஓஎஸ் 10.13 பதிப்புடன் ஏபிஎஃப்எஸ் இதன் இடத்தைப் பெற்றது. டைம் மெஷின் என்னும் ஆப்பிளின் காப்பு நகல் கருவி 2007 முதல் எச்எஃப்எஸ் பிளஸ் பிரிவுகளைப் பயன்படுத்தியது. 2020 இல் வெளிவந்த பிக் சர் பதிப்பிலிருந்து ஏபிஎஃப்எஸ் பிரிவுகளையும் ஏற்கிறது. இவ்விரு முறைமைகளையும் விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை.

### ஈஎக்ஸ்டி4

லினக்சுக்கான ஈஎக்ஸ்டி2 1993 இலும், மாற்றக் குறிப்பேடு கொண்ட ஈஎக்ஸ்டி3 2001 இலும், ஈஎக்ஸ்டி4 2008 இலும் வெளியாயின. லினக்ஸ் கணினிகளுக்கிடையே மட்டும் பயன்படும் வன்தட்டுக்கு இது தகுந்தது. விண்டோசிலும் மாக்கிலும் இதனைப் படிக்கக் கூடுதல் மென்பொருள் தேவை.

## ஒப்பீடு

| கோப்பு முறைமை | அறிமுகம் | விண்டோஸ் | மாக் ஓஎஸ் | லினக்ஸ் | ஒரு கோப்பின் உச்ச அளவு | மாற்றக் குறிப்பேடு |
|---|---|---|---|---|---|---|
| ஃபாட்32 | 1996 | ஆம் | ஆம் | ஆம் | 4 கிகாபைட்டுக்குக் கீழ் | இல்லை |
| எக்ஸ்ஃபாட் | 2006 | ஆம் | ஆம் | ஆம் | நடைமுறை வரம்பில்லை | இல்லை |
| என்டிஎஃப்எஸ் | 1993 | ஆம் | படிக்க மட்டும் | ஆம் | நடைமுறை வரம்பில்லை | உண்டு |
| எச்எஃப்எஸ் பிளஸ் | 1998 | இல்லை | ஆம் | ஓரளவு | நடைமுறை வரம்பில்லை | உண்டு |
| ஏபிஎஃப்எஸ் | 2017 | இல்லை | ஆம் | இல்லை | நடைமுறை வரம்பில்லை | வேறு முறை |
| ஈஎக்ஸ்டி4 | 2008 | இல்லை | இல்லை | ஆம் | 16 டெராபைட் | உண்டு |

அட்டவணையில் "இல்லை" எனக் குறிக்கப்பட்டவை கூடுதல் மென்பொருள் இன்றி இயலாதவை. லினக்ஸ், எச்எஃப்எஸ் பிளஸ் பிரிவைப் படிக்கும். மாற்றக் குறிப்பேடு இயங்கும் பிரிவில் வழக்கமாக எழுதாது. ஏபிஎஃப்எஸ், பழைய பதிவை மேலெழுதாமல் புதிய இடத்தில் எழுதிய பின் மாற்றிக்கொள்ளும் முறையால் பாதுகாப்பைப் பெறுகிறது.

எல்லாக் கணினிகளிலும் எழுதக்கூடிய ஃபாட்32, எக்ஸ்ஃபாட் ஆகிய இரண்டிலும் மாற்றக் குறிப்பேடு இல்லை என்பதையும், குறிப்பேடு உள்ளவை எவையும் எல்லாக் கணினிகளிலும் தாமாக எழுதப்படுவதில்லை என்பதையும் இவ்வட்டவணை காட்டுகிறது. வெளி வன்தட்டைப் பிரித்துப் பயன்படுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

## கொள்ளளவு குறைந்து தோன்றுதல்

1 டெராபைட் எனக் குறிக்கப்பட்ட வன்தட்டு விண்டோசில் 931 கிகாபைட் எனத் தோன்றும். உற்பத்தியாளர்கள் 1 டெராபைட்டை 1,00,000 கோடி பைட்டு எனப் பதின்முறையில் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024 இன் மடங்குகளில் கணக்கிட்டு, அதே அலகுப் பெயரால் காட்டுகிறது. மாக் ஓஎஸ் எக்ஸ் 10.6 (2009) முதல் ஆப்பிள் பதின்முறையையே பின்பற்றுவதால், அதே வன்தட்டு மாக்கில் 1 டெராபைட் எனவே தோன்றும். வடிவமைத்தலால் இவ்விடம் இழக்கப்படுவதில்லை.

## கொத்தளவு

கோப்பு முறைமை தனித்தனிச் செக்டராக அன்றிப் பல செக்டர்கள் கொண்ட கொத்துகளாகவே இடத்தை ஒதுக்கும். ஒரு கொத்தில் இரு கோப்புகள் இடம்பெறா. விண்டோசில் என்டிஎஃப்எஸ் முறைமையின் வழக்கமான கொத்தளவு 4 கிலோபைட். 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபாட் பிரிவுகளுக்கு 128 கிலோபைட்.

எடுத்துக்காட்டாக, 2 கிலோபைட் அளவுள்ள 10,000 உரைக்கோப்புகள் 4 கிலோபைட் கொத்துகளில் சுமார் 40 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். 128 கிலோபைட் கொத்துகளில் அவையே ஏறத்தாழ 1.3 கிகாபைட் இடத்தை அடைக்கும். நிகழ்படங்களும் ஒளிப்படங்களும் கொண்ட வன்தட்டில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. சிறு கோப்புகள் மிகுந்திருப்பின் வடிவமைக்கும்போதே சிறிய கொத்தளவைத் தெரிந்துகொள்ளலாம்.

## தமிழில் கோப்புப் பெயர்கள்

மேற்கூறிய கோப்பு முறைமைகள் அனைத்திலும் ஒருங்குறியில் தமிழ்க் கோப்புப் பெயர்களை எழுதலாம். எனினும் கணினி மாறும்போது இரு சிக்கல்கள் எழக்கூடும்.

* பெயரின் நீளம்: என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபாட் ஆகியவற்றில் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை இருக்கலாம். ஈஎக்ஸ்டி4 முறைமையில் வரம்பு 255 பைட்டு ஆகும். யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு கொள்வதால் 85 குறியீடுகளே அடங்கும். "கி", "க்" போன்ற எழுத்துகள் இரண்டு குறியீடுகளால் ஆனவை. எனவே விண்டோசில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்பு, லினக்ஸ் பிரிவுக்கு நகலெடுக்கும்போது ஏற்கப்படாமல் போகலாம்.
* எழுத்தின் உள்வடிவம்: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒருங்குறியில் ஒற்றைக் குறியீடாகவும் இரண்டு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுத முடியும். எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கிறது. "கொடி" எனத் தட்டச்சிட்ட பெயரில் உள்ள "கொ", ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாகப் பதிவாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வேறொரு கணினியில் தேடும் மென்பொருளுக்கு இவை வெவ்வேறு பெயர்களாகத் தோன்றலாம். ஒரே கோப்பு இரு முறை நகலாவதற்கும் இது காரணமாகும். ஏபிஎஃப்எஸ், தரப்பட்ட வடிவத்தை அப்படியே காக்கிறது.

ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் எழும் சிக்கல் தமிழ்ப் பெயர்களுக்கு இல்லை.

## பயனர் அனுமதிகள்

என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4, ஆப்பிள் முறைமைகள் ஆகியன ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரைப் பதிவு செய்கின்றன. உரிமையாளர் பெயரால் அன்றி எண்ணால் அறியப்படுகிறார். மாக் கணினியின் முதற் பயனர் எண் 501. உபுண்டு லினக்சில் 1000. ஆகவே ஒருவரே இரு கணினிகளிலும் பயன்படுத்தினாலும் "அனுமதி இல்லை" என்ற செய்தி தோன்றக்கூடும். ஃபாட்32, எக்ஸ்ஃபாட் ஆகியவை உரிமையாளரைப் பதிவு செய்வதில்லை; அதனால் இத்தடை எழாது. அதே காரணத்தால், வன்தட்டு கைக்குக் கிடைத்த எவரும் அதில் உள்ள அனைத்தையும் படிக்கலாம். கமுக்கமான தரவுகளுக்கு மறையாக்கம் தேவை.

## செய்முறை

### முன்னேற்பாடு

1. வன்தட்டில் உள்ள கோப்புகள் அனைத்தையும் வேறொரு சாதனத்தில் நகலெடுத்து, அந்நகலைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.
2. இப்பணிக்குத் தேவையற்ற பிற வெளி வன்தட்டுகளையும் விரலிகளையும் கழற்றிவிட வேண்டும். தவறான வன்தட்டைத் தெரிந்தெடுப்பதே இப்பணியில் நேரும் பெரும் இழப்புக்கு வழி.
3. எந்தெந்தக் கணினிகள் வன்தட்டில் எழுத வேண்டும், எவை படித்தால் போதும் என்பதைப் பட்டியலிட வேண்டும்.

### விண்டோஸ்

டிஸ்க் மேனேஜ்மெண்ட் கருவியைத் திறந்து, கொள்ளளவைக் கொண்டு வன்தட்டை அடையாளம் காண வேண்டும். புதிய வன்தட்டு எனில் எம்பிஆர், ஜிபிடி ஆகியவற்றுள் ஒன்றைத் தெரியுமாறு கேட்கப்படும். பழைய வன்தட்டில் அட்டவணை முறையை மாற்ற, அதிலுள்ள பிரிவுகள் அனைத்தையும் முதலில் நீக்க வேண்டும். பின்னர் ஒதுக்கப்படாத இடத்தின் மீது வலச்சொடுக்கி, அளவு, கோப்பு முறைமை, பெயர் ஆகியவற்றைத் தந்து பிரிவை உருவாக்கலாம். டிஸ்க்பார்ட் என்னும் கட்டளை வரிக் கருவியின் "கிளீன்" கட்டளை, உறுதிப்படுத்தக் கேளாமலேயே பிரிவு அட்டவணையை அழித்துவிடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

### மாக் ஓஎஸ்

டிஸ்க் யுடிலிட்டி கருவியில், எல்லாச் சாதனங்களையும் காட்டும் தெரிவை முதலில் இயக்க வேண்டும். இல்லையெனில் பிரிவுகள் மட்டுமே தென்படும். முழு வன்தட்டும் அதன் அட்டவணைத் தெரிவும் தோன்றா. ஜிபிடி முறை இங்கு "ஜியூஐடி" என்ற பெயரால் வழங்கும். இக்கருவி வன்தட்டின் தொடக்கத்தில் சுமார் 200 மெகாபைட் அளவில் மறைவான ஈஎஃப்ஐ பிரிவு ஒன்றையும் அமைக்கும். இதனை நீக்க வேண்டியதில்லை.

### லினக்ஸ்

ஜிபார்ட்டட் என்னும் கட்டற்ற மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. பணி தொடங்குமுன் வன்தட்டின் பிரிவுகளை இணைப்பு நீக்க வேண்டும். பயனர் இடும் மாற்றங்கள் பட்டியலில் சேர்ந்து காத்திருக்கும். செயற்படுத்தும் பொத்தானை அழுத்திய பின்னரே வன்தட்டில் எழுதப்படும். அதுவரை மனம் மாற வாய்ப்புண்டு.

## எடுத்துக்காட்டு அமைப்பு

ஒரு வீட்டில் விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளும் உள்ளன எனக் கொள்வோம். 1 டெராபைட் வன்தட்டு ஒன்றை ஜிபிடி முறையில் பின்வருமாறு பிரிக்கலாம்.

| பிரிவு | அளவு | கோப்பு முறைமை | பயன் |
|---|---|---|---|
| 1 | 400 கிகாபைட் | எக்ஸ்ஃபாட் | கணினிகளுக்கிடையே கோப்புப் பரிமாற்றம் |
| 2 | 400 கிகாபைட் | ஏபிஎஃப்எஸ் | மாக் கணினியின் காப்பு நகல் |
| 3 | 200 கிகாபைட் | ஈஎக்ஸ்டி4 | லினக்ஸ் கணினியின் காப்பு நகல் |

ஏபிஎஃப்எஸ் பிரிவை மாக்கிலேயே உருவாக்க இயல்வதால், மூன்று பிரிவுகளையும் முதலில் மாக் கணினியில் அமைப்பது எளிது. மூன்றாம் பிரிவை அப்போது எக்ஸ்ஃபாட் ஆக வைத்து, பின்னர் லினக்சில் ஈஎக்ஸ்டி4 ஆக மாற்றலாம்.

இவ்வன்தட்டை விண்டோசில் இணைத்தால் முதற் பிரிவு மட்டுமே பயன்பாட்டுக்குக் கிடைக்கும். ஜிபிடி அட்டவணையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வகைக்குறி உண்டு. லினக்சுக்கு உரிய வகைக்குறி இருப்பின் விண்டோஸ் அப்பிரிவைத் தொடாமல் விடும். முற்காலத்து லினக்ஸ் கருவிகள் சில, விண்டோசின் வகைக்குறியையே லினக்ஸ் பிரிவுக்கும் இட்டன. அவற்றைக் காணும் விண்டோஸ், அப்பிரிவு வடிவமைக்கப்படாதது எனக் கருதி, வடிவமைக்குமாறு ஒவ்வொரு முறையும் கேட்கும். இக்கேள்விக்கு "வேண்டாம்" என்பதே விடையாக இருத்தல் வேண்டும்.

விரலிகளுக்கு இவ்வமைப்பு எப்போதும் பொருந்தாது. 2017 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இன் 1703 பதிப்புக்கு முற்பட்ட விண்டோஸ் பதிப்புகள், விரலியின் முதற் பிரிவை மட்டுமே காட்டின.

## விரைவு வடிவமைப்பும் முழு வடிவமைப்பும்

விரைவு வடிவமைப்பு நூற்பட்டியலை மட்டும் புதிதாக எழுதும். பழைய உள்ளடக்கம் மேலெழுதப்படும் வரை தட்டிலேயே இருக்கும். முழு வடிவமைப்பு பிரிவின் எல்லாச் செக்டர்களையும் நாடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இது பழுதான செக்டர்களைத் தேட மட்டுமே செய்தது. விஸ்டா முதல் செக்டர்கள் அனைத்திலும் சுழியத்தை எழுதுகிறது. பெரிய வன்தட்டில் இதற்குப் பல மணி நேரம் ஆகும்.

இவ்வேறுபாட்டால் இரு நடைமுறை விளைவுகள் உள்ளன.

* வன்தட்டைப் பிறருக்கு விற்கவோ வழங்கவோ நேர்ந்தால் விரைவு வடிவமைப்புப் போதாது. முன்னைய உரிமையாளரின் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் மீட்பு மென்பொருளால் எடுத்துவிட முடியும்.
* தவறுதலாக விரைவு வடிவமைப்புச் செய்துவிட்டால், வன்தட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் உடனே நிறுத்த வேண்டும். டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள் இழந்த பிரிவுகளைத் தேடித் தரும். அதனுடன் வரும் ஃபோட்டோரெக், கோப்பு வகைகளின் அடையாளத்தைக் கொண்டு உள்ளடக்கத்தை மீட்கும். ஆனால் கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. மீட்ட கோப்புகளை வேறொரு வன்தட்டில் எழுத வேண்டும்.

சுழலும் தட்டுக்குப் பதிலாக மின்னணு நினைவகம் கொண்ட வெளிச் சேமிப்பகங்களில், விரைவு வடிவமைப்பின்போதே பழைய தரவுகள் தேவையற்றவை எனச் சாதனத்துக்கு அறிவிக்கப்படலாம். அவ்வாறாயின் மீட்பு இயலாது.

## பாதுகாப்பும் வரம்புகளும்

* வன்தட்டைக் கழற்றுமுன் இயங்குதளத்தின் வழியாகப் பாதுகாப்பாக நீக்க வேண்டும். விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு (2018) முதல் விரைந்து கழற்றும் முறை இயல்பாக அமைந்துள்ளது. எனினும் நகலெடுத்தல் முடியுமுன் கழற்றுவது எம்முறையிலும் தீங்கானதே.
* பிரிவின் அளவைப் பின்னர் மாற்றுவது எல்லா முறைமைகளிலும் எளிதன்று. என்டிஎஃப்எஸ் பிரிவை விஸ்டா முதல் விண்டோசிலேயே சுருக்கலாம். எக்ஸ்ஃபாட் பிரிவை அவ்வாறு சுருக்க இயலாது. எனவே அளவுகளை முதலிலேயே சிந்தித்து முடிவு செய்தல் நன்று.
* பிரித்தல் என்பது காப்பு நகல் ஆகாது. ஒரே கோப்பை இரு பிரிவுகளில் வைத்திருந்தாலும், இரண்டும் ஒரே இயந்திரத்தில்தான் உள்ளன. வன்தட்டு கீழே விழுந்து பழுதானால் எல்லாப் பிரிவுகளும் ஒருங்கே இழக்கப்படும். இழக்கக் கூடாத கோப்புகளுக்கு மற்றொரு வன்தட்டிலோ வேறிடத்திலோ நகல் இருத்தல் வேண்டும்.
* வன்தட்டு ஒரு கணினியில் படிக்கப்படாவிடின், வடிவமைக்குமுன் அது கடைசியாக எழுதப்பட்ட கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கு திறந்தால் சிக்கல் கோப்பு முறைமையைச் சார்ந்தது. அங்கும் திறக்காவிடின் கம்பியையும் இணைப்பு முனையையும் மாற்றிப் பார்த்த பின்னரே பழுது எனக் கொள்ளலாம்.

## இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* கோப்பு முறைமை
* இயங்குதளம்
* யூஎஸ்பி
* ஒருங்குறி
* காப்பு நகல்